மறுபடியும் சென்று பார்ப்போம்

(காணை ஊராட்சி ஒன்றியத்தில் கிராமப் பணியாளர்களுக்கென நடைபெற்ற தற்கொலைத் தடுப்புப் பயிற்சியில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு, தொகுப்பு வீடு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கே நாம் இம்மண்டபத்தில் கூடுவது வழக்கம். இன்று கூடியிருப்பதோ மனித உயிரைப் பற்றிப் பேசுவதற்கு. இது டாக்டர்களின் காரியமாயிற்றே, வளர்ச்சித் துறையாருக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் மாறிய விதத்தை முதலில் கூறிவிடுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாவட்டத்தில் பணியாற்றியபோது, கட்டடப் பணியைப் பார்வையிடச் சென்ற இடத்தில் விவசாயி ஒருவர் நம்மை அணுகினார். மணிலா பொய்த்துவிட்டது என்றார். கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கிறார் என்றார். விடைபெறும்போது, "இனிமேல் யாருக்கும் நான் பாரமாக இருக்க மாட்டேனுங்க, ஐயா" என்றார். நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வாருங்கள்" என்று கூறி ஜீப்பில் ஏறினோம். திங்களன்று அவர் வரவில்லை. நாமும் விசாரிக்கவில்லை. மறு மாதம் அவருடைய மனைவி வந்தார், விதவை உதவித்தொகைக்கு மனுவை யாரிடம் கொடுப்பது என்று கேட்பதற்காக. அந்தத் திங்கட்கிழமையை நாம் இன்றளவும் மறக்கவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் மாண்டனர். அவர்களுள் 19,834 பேர் தமிழ்நாட்டினர். மாநிலங்களுள் மகாராட்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. துயருற்றவர் மனநல மருத்துவரை நாடிச் செல்வது அரிது. ஆனால் அங்கன்வாடிப் பணியாளரை, கிராம சுகாதாரச் செவிலியரை, ஊராட்சிச் செயலரை, மகளிர் குழுத் தலைவியை அவர் அன்றாடம் காண்கிறார். ஆகவே முதற் கடமை உங்களுடையதாகிறது.

அக்கடமை மூன்று பகுதிகளை உடையது. முதலாவது, கவனித்தல். கலகலப்பானவர் ஒதுங்கிப்போதல், உறக்கமும் உணவும் குறைதல், ஆசையாய் வைத்திருந்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், 'பாரம்', 'முடிவு' என்று பேசுதல் ஆகியவை குறிப்புகளாம். இரண்டாவது, கேட்டல். "உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வருகிறதா?" என்று அன்போடு நேரே கேளுங்கள். கேட்பதனால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்பது தவறான அச்சம். கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் ஆறுதலே உண்டாகிறது. உபதேசம் வேண்டாம், பிறரோடு ஒப்பிடுதலும் வேண்டாம். ஆபத்து நெருங்கியிருப்பின் அவரைத் தனியே விடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடன் செல்லுங்கள். 14416, 104 ஆகிய எண்களில் அரசின் ஆலோசனை கிடைக்கும். 1986இல் சென்னையில் தோன்றிய சினேகா அமைப்பும் 044-24640050 என்ற எண்ணில் செவிசாய்க்கிறது.

மூன்றாவது, மறுபடியும் செல்லுதல். நாம் அன்று தவறவிட்டது இதுவே. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடையே ஓர் ஆய்வு நடத்தி 2008இல் முடிவை வெளியிட்டது. ஒரு மணி நேரம் பேசி, பின் 18 மாதங்களில் ஒன்பது முறை நேரிலோ தொலைபேசியிலோ நலம் விசாரித்தனர். அவ்வாறு விசாரிக்கப்பட்டோரில் தற்கொலையால் இறந்தவர் நூற்றுக்கு 0.2, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 2.2. "எப்படி இருக்கிறீர்கள்?" என்னும் கேள்விக்கு இத்துணை ஆற்றல் உண்டு.

அண்டைக் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பகுதியில், பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொது இடத்தில் பூட்டிவைக்கும் முறையும் பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. அதை மக்கள் ஏற்றனர். மனம் கலங்கிய வேளையில் ஆபத்தான பொருள் எட்டாதிருந்தால் அவ்வேளை கடந்துபோகும், உயிர் தங்கும். நமது கிராமங்களும் இதை யோசிக்கலாம்.

இனி, கைபேசியால் வரும் துன்பம். 2016இல் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை வேறோர் உருவத்தோடு ஒட்டி முகநூலில் பரப்பினர். குடும்பத்தார் புகார் கொடுத்தும் நடவடிக்கை தாமதமாயிற்று, அப்பெண்ணை இழந்தோம். நம் பெண்பிள்ளைகள் இத்தகைய சங்கடத்தோடு வந்தால், "நீ ஏன் படம் போட்டாய்?" என்பது நமது முதல் வார்த்தையாதல் கூடாது. "தவறு உன்னுடையதன்று" என்பதே முதல் வார்த்தை. கைபேசியைப் பறிக்காதீர்கள், பறிக்கப்படும் என்ற அச்சமே பிள்ளைகளை ஊமையாக்குகிறது. மிரட்டல்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, இணையக் குற்றக் காவல் நிலையத்துக்கு உடன் செல்லுங்கள். சிறுவர் சிறுமியருக்கு 1098 உண்டு. கடன் செயலிக்காரர் பணம் பறித்தால் 1930இல் முறையிடலாம்.

நம் ஊர்களில் இத்தகைய செய்திகளைத் 'தீராத வயிற்றுவலி' என்று மூடிவிடும் பழக்கம் உள்ளது. வழக்கு வரும் என்ற பயம் அதற்கு ஒரு காரணம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், முயன்று பிழைத்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்கியது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. இதை வீடுதோறும் சொல்லுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் சாலைக் கணக்குக்கு முன்பாக, "எத்தனை வீடுகளுக்கு மறுபடியும் சென்றீர்கள்?" என்று கேட்போம். பெயர்கள் வேண்டாம், அவை உங்கள் நெஞ்சோடு இருக்கட்டும். எண்ணிக்கை போதும். அக்கேள்விக்கு நாமும் உங்கள்முன் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.