அடுக்களையில் தொடங்கும் காவல்

 

நாம் வாழும் மேற்கு ஆஸ்திரேலியாவில் விளையும் கோதுமையில் பெரும்பகுதி கப்பலேறிப் போகிறது. அந்த ஏற்றுமதிக்கே உலை வைக்கக்கூடியது எள்ளளவு உள்ள ஒரு பூச்சி. காப்ரா வண்டு என்பார்கள். அதன் பூர்வீகம் நம் இந்தியத் துணைக்கண்டம். பழுப்பு நிறத்தில், உடலெல்லாம் மயிர் அடர்ந்த அதன் புழு, பெட்டி இடுக்கில் இரையில்லாமல் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். அதனால்தான் ஊரிலிருந்து வரும் பயணிகள் அரிசி, பருப்பு, மல்லி, சீரகம், காய்ந்த மிளகாய் கொண்டுவரக் கூடாது என்கிறார்கள்.

2007-இல் பெர்த்துக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம், சாமான்களைப் பிரிக்கையில் இந்தப் புழுக்களைக் கண்டது. உடனே அதிகாரிகளுக்குத் தெரிவித்தது. வீட்டையே மூடிப் புகைமூட்டி, வண்டை அடியோடு ஒழித்தார்கள். மாநிலத்தின் விளைச்சலைக் காத்தவர்கள் புதிதாக வந்தவர்கள். இதை நாம் மறக்கக் கூடாது.

இப்படி வீடுகளில் பூச்சிகளைக் கண்காணிக்க, மாநில வேளாண் துறை ‘பேன்ட்ரி பிளிட்ஸ்’ என்ற ஆய்வை நடத்தியிருக்கிறது. அதில் பங்கேற்பவர்கள் மளிகை அலமாரியில் பூச்சியை ஈர்க்கும் ஓர் ஒட்டுப்பொறியை வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை படமெடுத்து ‘மைபெஸ்ட்கைடு ரிப்போர்ட்டர்’ செயலியில் அனுப்ப வேண்டும். பொறியில் ஒன்றுமே சிக்கவில்லையா? அதையும் அனுப்ப வேண்டும். ‘எங்கள் மாநிலத்தில் இந்த வண்டு இல்லை’ என்று கோதுமை வாங்கும் நாடுகளிடம் சொல்ல அதுவே சான்று.

தாமதத்தின் விலையையும் பார்த்துவிட்டோம். 2021-இல் கிழக்கு ஃப்ரீமாண்டில் பகுதியில் ஒரு வீட்டுத் தோட்டத்து மரத்தில் மரந்துளைக்கும் வண்டு ஒன்று கண்டறியப்பட்டது. அதற்குள் அது பரவத் தொடங்கியிருந்தது. பூங்கா மரங்கள் பல வெட்டப்பட்டன. முற்றாக ஒழிக்க இயலாது என்று 2025-இல் அறிவித்துவிட்டார்கள்.

அரிசியை முறத்தில் புடைத்துப் பழகிய நம் அம்மாக்களும் பாட்டிமார்களும் எந்தப் பூச்சி வழக்கமானது, எது புதிது என்று பார்த்தவுடன் சொல்வார்கள். பிள்ளைகளே, அவர்கள் காட்டுவதைப் படமெடுத்து அனுப்புவது உங்கள் பொறுப்பு. பூச்சியைக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். பையில் இறுக மூடிவைத்து 1800 084 881 என்ற எண்ணை அழையுங்கள். வீட்டில் பூச்சி இருந்ததென்று சொல்ல யாரும் கூச வேண்டாம்.

இனி இப்படியோர் ஆய்வு அறிவிக்கப்பட்டால் நம் சங்கத்தின் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பொறி வைக்க வேண்டும். செயற்குழு இதை ஏற்று நடத்த வேண்டுமென்று இந்த மேடையில் வேண்டுகிறேன். நம்மை வாழவைக்கும் மண்ணுக்கு நாம் செய்யும் கடமை இது.