பால்வாடிக்கு ஓர் ஆசிரியர் வேண்டும்

(செஞ்சியில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த நாட்டில் ஏழைக் குழந்தைக்கு மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை ஆசிரியர் கிடையாது. சோறு உண்டு, முட்டை உண்டு, சத்துமாவு உண்டு, தடுப்பூசி உண்டு, எடை பார்க்கத் தராசு உண்டு. காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை அந்தக் குழந்தையோடு பாயில் உட்கார்ந்து பேச, பாட, கதை சொல்ல, கேள்வி கேட்க, அதற்கென்று மட்டும் ஓர் ஆள் கிடையாது. அந்த ஓர் ஆளைக் கேட்டு வாங்கத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

"பால்வாடி டீச்சர் இருக்கிறாரே?" என்று கேட்பீர்கள். இருக்கிறார். அவர் படும் பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள். காலையில் மையத்தைத் திறந்ததும் வருகையைப் பதிய வேண்டும். ஊரில் யார் கர்ப்பம், யார் பெற்றிருக்கிறார், யார் குழந்தை எடை குறைந்திருக்கிறது என்று கணக்கு வைக்க வேண்டும். எடை எடுக்க வேண்டும், உயரம் அளக்க வேண்டும். வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். தடுப்பூசி நாளில் செவிலியரோடு நிற்க வேண்டும். அரிசி, பருப்பு, எண்ணெய் இருப்பு எழுத வேண்டும். பதிவேடுகள் மட்டும் ஒரு கட்டு. அவை போதாதென்று 2021 முதல் போனில் 'போஷன் டிராக்கர்'. இப்போது இணை உணவு வாங்க வரும் தாயின் முகத்தையும் போனில் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். சிக்னல் இல்லாத கிராமத்தில், கைக்குழந்தையோடு வெயிலில் நிற்கிற தாயின் முகம் பதிவாகும்வரை உள்ளே இருபது பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கும். தேர்தல் வந்தால் பல ஊர்களில் வாக்காளர் பட்டியலும் அவர் தலையில்தான். உதவியாளர் அடுப்படியில் இருக்கிறார். பிள்ளைகளுக்குக் கதை சொல்வது யார்?

பாடத்திட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று அரசே நல்ல பாடத்திட்டம் போட்டு மையங்களுக்கு அனுப்பியிருக்கிறது. மாதத்துக்கு ஒரு கருப்பொருள், பாட்டு, கதை, விளையாட்டு எல்லாம் அதில் இருக்கின்றன. அதை நடத்த நேரமுள்ள ஒரு மனுஷிதான் இல்லை.

இந்த வேலை அத்தனைக்கும் என்ன கொடுக்கிறோம்? மத்திய அரசு தன் பங்கு மதிப்பூதியத்தை 2018 அக்டோபரில் 4,500 ரூபாய் ஆக்கியது. தமிழ்நாட்டில் புதிதாகச் சேரும் பணியாளருக்கு முதலாண்டுத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். பணிக்கொடை உண்டு என்பதைக்கூட 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் நாடு கேட்டுக்கொண்டது. ஒரு கிராமத்தின் தாய்க்கும் சேய்க்கும் பொறுப்பாளியாக இருக்கிற பெண்ணை ஊழியர் என்று முழு வாயால் சொல்ல அரசுகளுக்கு இன்னும் மனம் வரவில்லை. பாடம் நடக்கவில்லை என்று அந்தச் சகோதரியை யாராவது குறை சொன்னால், அவர்களோடு நான் சண்டை போடுவேன். குறை அவரிடம் இல்லை. ஒரே ஆளிடம் மூன்று ஆள் வேலையைக் கொடுத்தவர்களிடம் இருக்கிறது.

இந்த நிலை தானாக வரவில்லை. சட்டத்திலேயே பிள்ளைகளைக் கழித்துவிட்டார்கள். அரசியல் சட்டம் எழுதியபோது 45ஆவது பிரிவு, பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்றது. கீழ் வரம்பு எதையும் அது போடவில்லை. 2002இல் 86ஆவது திருத்தம் வந்தது. கல்வி அடிப்படை உரிமை ஆனது என்று நாம் மகிழ்ந்தோம். ஆனால் அந்த உரிமை ஆறு வயதில்தான் தொடங்குகிறது. ஆறுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு "முயல வேண்டும்" என்று எழுதி வைத்தார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆவது பிரிவோ, அரசு ஏற்பாடு "செய்யலாம்" என்கிறது. செய்யலாம் என்றால் செய்யாமலும் இருக்கலாம். மூளை மிக வேகமாக வளர்கிற வயதுக்குச் சட்டம் கொடுத்த மரியாதை இவ்வளவுதான்!

இத்தனைக்கும், பால்வாடி என்று நாம் சொல்கிற அங்கன்வாடித் திட்டத்துக்கு வித்திட்டவர்கள் வேறு கனவு கண்டார்கள். 1972இல் மீனா சுவாமிநாதன் தலைமையில் ஒரு குழு, பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளின் வளர்ச்சி பற்றி மத்திய அரசுக்கு அறிக்கை கொடுத்தது. உணவு, உடல்நலம், கல்வி மூன்றையும் பிரிக்கக் கூடாது என்பதே அந்தச் சிந்தனை. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. உணவு வந்தது. ஊசி வந்தது. கல்வி மட்டும் வாசலிலேயே நிற்கிறது.

தமிழ்நாடு இதைச் சரிசெய்ய ஒரு முறை முயன்றது. அது எப்படி முறிந்தது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. நல்ல முடிவு. ஆனால் பாடம் நடத்த யாரை அனுப்பினார்கள்? உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை. மூன்று வயதுக் குழந்தையைக் கையாள அவர்களுக்குத் தனிப் பயிற்சி இல்லை. பதவி இறக்கிவிட்டார்கள் என்று அவர்களுக்குக் குமுறல். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2022 ஜூனில் அந்த ஆசிரியர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டு, வகுப்புகள் இனி இல்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், வகுப்புகள் உண்டு, மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிகச் சிறப்பாசிரியர்கள் வருவார்கள் என்றார்கள். மூன்றரை ஆண்டில் மூன்று முடிவுகள்!

மையம் சமூக நலத் துறையிடம், வகுப்பு பள்ளிக் கல்வித் துறையிடம். இரண்டு துறைக்கும் நடுவே குழந்தை. இதற்கு ஒரு தலைமை வேண்டும். தலைமை என்று நான் கேட்பது மாலை மரியாதைக்குரிய ஆளை அல்ல. "நான்கு வயதுக் குழந்தை என்ன கற்றது என்பதற்கு நான் பொறுப்பு" என்று சொல்லக்கூடிய ஓர் அதிகாரி சென்னைக் கோட்டையில் இருக்க வேண்டும், மாவட்டத்தில் இருக்க வேண்டும், இந்த வட்டாரத்தில் இருக்க வேண்டும். இன்று அப்படி ஒருவரையும் கை நீட்டிக் காட்ட முடியாது.

சரி, ஓர் ஆளைக் கூடுதலாகப் போட்டால் நிலைமை மாறுமா? இது ஊகம் இல்லை, தாய்மார்களே. நம் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கார்த்திக் முரளிதரன், அலெஹாண்ட்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று பொருளியல் அறிஞர்கள் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு, முன்பருவக் கல்விக்கென்றே அரை நேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். மீதி மையங்கள் பழையபடியே நடந்தன. ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, கூடுதல் ஆள் இருந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இரு மடங்காகியிருந்தது. பிள்ளைகள் மொழியிலும் கணக்கிலும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். இன்னொரு விளைவைத்தான் நான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: அந்த மையங்களில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைகளும் குறைந்தார்கள். ஏன்? பாடத்தை ஒருவர் எடுத்துக்கொண்டதால், பழைய பணியாளருக்கு உடல்நல வேலையைச் செய்ய நேரம் கிடைத்தது. ஓர் ஆள் வந்தார், இரண்டு வேலையும் உருப்பட்டது. செலவைவிடப் பலன் பல மடங்கு என்றும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆதாரம் நம் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. இதை ஏன் எல்லா மையங்களிலும் செய்யவில்லை என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து யிப்சிலான்டி என்ற ஊரில், 1962இல் தொடங்கிய பெர்ரி பள்ளி ஆய்வும் இதையே காட்டியது. 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகள். அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தகுதியான ஆசிரியரைக் கொடுத்தார்கள். அந்த ஆசிரியர் வாரந்தோறும் வீட்டுக்கும் போனார். நாற்பது வயது வரை தொடர்ந்து பார்த்ததில், அந்தப் பிள்ளைகள் அதிகம் சம்பாதித்தார்கள், போலீஸிடம் குறைவாகச் சிக்கினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது சாயம் பூசிய கட்டடம் இல்லை, ஒரு நல்ல ஆசிரியர்.

இப்போது தனியார் பள்ளி வேன் விஷயம். காலை ஏழரைக்கே கிராமத்துக்குள் வேன் வருகிறது. தோடு அடகுக்குப் போகிறது, குழந்தை எல்.கே.ஜி.க்குப் போகிறது. அந்தத் தாயை நான் பழிக்க மாட்டேன். அரசு விட்ட இடத்தை அவர் தன் தோட்டால் அடைக்கப் பார்க்கிறார். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளை கை வலிக்க வலிக்க நான்கு வரி நோட்டில் எழுதுகிறது. புரியாத ரைம்ஸை ஒப்பிக்கிறது. வாசலில் மாண்டிசோரி என்று பலகை தொங்குகிறது. மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். குழந்தை பொருளைக் கையால் எடுத்து, தொட்டு, அடுக்கித்தான் கற்கும் என்பதே அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது. பலகையில் அவர் பெயர், உள்ளே அவர் வேண்டாம் என்ற வேலை!

அந்த வயதுக்கு வேண்டிய படிப்பு நம் வீட்டிலேயே இருக்கிறது. மல்லாட்டையை உடைத்து, இதில் எத்தனை பருப்பு, அதில் எத்தனை, எது அதிகம் என்று கேட்டால் அது கணக்கு. நேற்று ஏரிக்கரையில் என்ன பார்த்தாய், அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டு, பிள்ளை சொல்லி முடிக்கும்வரை பொறுத்தால் அது மொழி. புளியங்கொட்டையை ஐந்தைந்தாகப் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எண் பின்னால் வரும். இதைச் செய்யப் பெரிய பட்டம் வேண்டாம். பயிற்சி வேண்டும், பொறுமை வேண்டும், வேறு வேலை இல்லாத இரண்டு மணி நேரம் வேண்டும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஊர்த் தெருப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே பாயில் உட்காரக்கூடிய முதல் இடம் அங்கன்வாடிதான். அது சோறு போடும் இடம் மட்டும்தான் என்று ஆகிவிட்டால், வசதியுள்ளவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். ஏழைப் பிள்ளை மட்டும் மிஞ்சும். மூன்று வயதிலேயே சாதி சாதியாகப் பிரித்து உட்காரவைத்துவிட்டு, பத்தாம் வகுப்பில் சமத்துவம் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லி என்ன பயன்?

மேற்பார்வைக்கு வருகிறேன். ஏறக்குறைய 25 மையங்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் என்பது திட்டத்தின் விதி. அவர் வந்ததும் முதலில் எதைக் கேட்கிறார்? பதிவேட்டை. அவருக்கு மேலே இருப்பவர் அவரிடம் அதைத்தான் கேட்கிறார். இதை மாற்றச் சொல்கிறேன். மேற்பார்வையாளர் வந்தால் ஒரு மணி நேரம் பாயில் உட்காரட்டும். எந்தப் பிள்ளை பேசுகிறது, எது பேசவில்லை என்று பார்க்கட்டும். பணியாளருக்குத் தானே ஒரு கதை சொல்லிக் காட்டட்டும். தவறு கண்டுபிடிக்க வருகிறவரைக் கண்டால் யாரும் பயப்படுவார்கள். கற்றுக்கொடுக்க வருகிறவருக்காகக் காத்திருப்பார்கள்.

பணம் எங்கே என்பார்கள். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோதும் இதே கேள்வி வந்தது. அவர் அசையவில்லை. அன்று சாத்தியமே இல்லை என்றவர்களின் வாரிசுகளே இன்று அதை நாட்டுக்கு முன்மாதிரி என்கிறார்கள். கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 54,439 அங்கன்வாடி மையங்கள். மையத்துக்கு ஓர் அரை நேர ஆசிரியர், மாதம் 10,000 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 653 கோடி. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி. நூறு ரூபாயில் ஒன்றரை ரூபாய்கூட ஆகவில்லை. 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' என்று தொடக்க வகுப்புகளில் எழுத்தறிவைச் சரிசெய்ய உழைக்கிறோம். வேண்டிய வேலைதான். ஆனால் மூன்று வயதில் விட்டதை எட்டு வயதில் துரத்திப் பிடிப்பதற்குச் செலவும் அதிகம், பிள்ளைக்கு வலியும் அதிகம்.

நம் செஞ்சிக் கோட்டை 2025 ஜூலை 11 அன்று யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஒரே தொகுப்பாகச் சேர்ந்த பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான். பெருமைப்படுகிறேன். இனிச் சாலை வரும், விளக்கு வரும், வெளிநாட்டார் வருவார்கள். வரட்டும். கோட்டைக்குள் நிற்கிற நெற்களஞ்சியத்தைப் போய்ப் பாருங்கள். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை சூழ்ந்து நின்றும் இந்தக் கோட்டை இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்ததென்றால், பஞ்சம் வருமுன்னே சேர்த்துவைக்கத் தெரிந்தவர்கள் இங்கே இருந்தார்கள். கல்லுக்கு உலக அங்கீகாரம் வாங்கிய ஊர், அந்தக் கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்து நான்கு வயதுக் குழந்தைக்கு ஓர் ஆசிரியரை வாங்க முடியாதா?

தாய்மார்களே, ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. சாலை கேட்கிறோம், தண்ணீர் கேட்கிறோம். வருகிற கிராமசபையில் எழுந்து நின்று இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்: "எங்கள் அங்கன்வாடியில் முன்பருவக் கல்விக்கென்று பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரை நிரந்தர ஊதியத்தில் நியமிக்க வேண்டும்." எழுத மறுத்தால் எழுதும்வரை உட்காராதீர்கள். நகல் ஒன்று வாங்கி வட்டார அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் கொடுத்து, ஒப்புதல் சீட்டு வாங்குங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும், முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள். அதுவரைக்கும், நாளைக் காலையிலிருந்தே, உங்கள் தெருப் பால்வாடிக்குப் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். உங்கள் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்கவில்லை என்பதை நீங்களே பாருங்கள்.