கமகுராவில் ஒரு கல்

யப்பானுக்குப் போய் வந்தேன் என்றதும் நண்பர்கள் கேட்ட முதற் கேள்வி, "என்ன வாங்கிக்கொண்டு வந்தீர்?" என்பதுதான். பெட்டியில் கொண்டுவந்தது சொற்பம். மனதில் ஒரு கேள்வியைக் கொண்டுவந்தேன். அதை இன்று நேயர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அழிந்துபோன ஒன்றை ஒரு சமூகம் என்ன செய்கிறது? அதுவே அந்தக் கேள்வி.

கியோட்டோவிலுள்ள கின்காக்குஜி என்னும் பொன்மாடத்தை நேரிற் காணுமுன்னரே நான் நாவலில் கண்டிருந்தேன். யுக்கியோ மிஷிமா எழுதி 1956 இல் வெளிவந்த நாவல் அது. திக்குவாய் கொண்ட இளந்துறவி ஒருவன் அந்த மாடத்தின் அழகைத் தாங்க மாட்டாமல், ஈற்றில் அதற்கே தீ மூட்டுகிறான். இது வெறுங் கற்பனையன்று. 1397 இல் அஷிகாகா யொஷிமிட்சு அமைக்கத் தொடங்கிய அந்த மாடம், 1950 யூலை 2ஆம் திகதி அதிகாலையில் அங்கு பயின்ற இளந்துறவி ஒருவர் வைத்த தீயில் உண்மையாகவே எரிந்தது. விசாரணைக்காக அழைக்கப்பட்ட அவரது தாய், திரும்பும் வழியில் ஓடும் புகையிரதத்திலிருந்து பாய்ந்து உயிரை விட்டாள். மிஷிமாவின் பக்கங்களை விட என்னை வருத்தியது அந்தத் தாயின் முடிவுதான்.

குளக்கரையில் நின்று பார்த்தேன். மேல்மாடிகள் இரண்டும் தங்க ரேக்கில் தகதகக்கின்றன. உச்சியில் ஒரு பறவை. கீழே நீரில் இன்னொரு மாடம் தலைகீழாக அசைகிறது. இது 1955 இல் மீளக் கட்டியது. மெய்ஜி காலத்துத் திருத்த வேலையின்போது வரைந்து வைத்த அளவுப் படங்கள் அதற்குக் கைகொடுத்தன. அப்படியானால் நான் கண்டது அறுநூறு ஆண்டுப் பழைமையா, அல்லது ஏறத்தாழ என் வயதையொத்த ஒரு கட்டடமா?

இந்தக் கேள்விக்கு ஒருவகை விடை இசே என்னும் தலத்தில் கிடைத்தது. சூரிய தேவியான அமதெரசுவின் ஆலயம் அது. இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை, பக்கத்திலுள்ள வெற்று நிலத்தில் அதே அளவில், அதே முறையில் புதிய ஆலயம் எழுப்பித் தேவியை அங்கு எழுந்தருளச் செய்துவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். 690ஆம் ஆண்டில் தொடங்கிய வழக்கம் என்பர். உள்நாட்டுப் போர்க்காலத்தில் நூறாண்டுக்கு மேல் தடைப்பட்டும் அறுந்துவிடவில்லை. 2013 இல் நடந்தது 62ஆவது தடவை. பிரித்த மரத்தையும் வீணாக்குவதில்லை. ஆலயத்தின் பெருந்தூண்கள் உஜி பாலத்தின் வாயில் வளைவுகளாகின்றன. பார்வையாளருக்கு வேலிக்கு மேலாகக் கூரை மட்டுமே தெரியும். ஆயினும் நான் அதிக நேரம் நின்றது அந்த வெறும் நிலத்தின் அருகேதான். அங்கே காக்கப்படுவது மரமன்று, மரத்தை இழைக்கத் தெரிந்த கை. தச்சன் தன் மகனுக்கோ மாணாக்கனுக்கோ தொழிலைக் கற்றுக்கொடுக்க இருபது ஆண்டு போதுமானது. ஐம்பது ஆண்டென்றால் கற்றவன் இருக்கமாட்டான்.

ஹிரோஷிமாவில் இதற்கு நேர்மாறான முடிவு. 1915 இல் செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஜான் லெட்செல் அமைத்த கண்காட்சி மண்டபம், 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி குண்டு வெடித்த இடத்துக்கு மிக அண்மையில் இருந்தும் எலும்புக்கூடாக எஞ்சி நின்றது. இடித்து விடுங்கள், பார்க்கப் பொறுக்கவில்லை என்றவர்கள் இருந்தார்கள். இரத்தப் புற்றுநோயால் பதினாறு வயதில் இறந்த ஒரு மாணவியின் நாட்குறிப்பு, அதைக் காக்க வேண்டும் என்ற இயக்கத்துக்கு வித்திட்டது. 1966 இல் நகரசபை நிரந்தரமாகப் பேணத் தீர்மானித்தது. ஒரு செங்கல்லையும் புதிதாக வைத்து அழகுபடுத்தவில்லை. விழாமல் மட்டும் தாங்கி நிற்கிறார்கள். எரிந்த நூலகமொன்றின் கரிபடிந்த சுவர்களைப் பார்த்த கண்கள் என்னுடையவை. மீளக் கட்டுவதா, அப்படியே விடுவதா என்ற விவாதம் எங்களுக்கும் புதிதல்லவே.

கடைசியாகக் கமகுரா. அங்குள்ள கொத்தொகு-இன் விகாரையில் பதினொரு மீற்றருக்கு மேல் உயரமான வெண்கல அமிதாப புத்தர் திறந்த வெளியில் அமர்ந்திருக்கிறார். 1252 இல் தொடங்கிய வார்ப்பு. ஒரு காலத்தில் மண்டபத்துள் இருந்தவர்தான். புயல்களால் மண்டபம் பலமுறை சேதமுற்று, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மழையும் வெயிலும் அவருக்குக் கூரை. கவிஞர் யொசானோ அக்கிகோ இவரைச் சாக்கியமுனி என்றே எண்ணிப் பாடிவிட்டார். அந்தக் கவிதையையும் கல்லில் பொறித்துச் சிலைக்குப் பின்புறம் வைத்திருக்கிறார்கள்.

நான் இலங்கையன் என்று அறிந்த முதியவர் ஒருவர், முகம் மலர்ந்து, இன்னொரு கல்லின் முன்னால் என்னை அழைத்துச் சென்றார். ஜே.ஆர். ஜயவர்த்தனவின் நினைவுக்கல். 1951 செப்டெம்பரில் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில், இலங்கையின் நிதியமைச்சராக அவர் பேசினார். 1942 இல் கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியிருந்தும், இழப்பீடு வேண்டாம் என்றார். பகையைப் பகையால் தணிக்க முடியாது, அன்பாலேயே தணிக்கலாம் என்ற புத்தர் வாக்கை எடுத்துக்காட்டினார். அந்தக் கருத்தே கல்லிலும் இருக்கிறது.

முதியவர் அந்தக் கல்லை வணங்கினார். பின்னர் என்னையும் வணங்கினார். நான் திகைத்து நின்றேன். யாழ்ப்பாண நூலகம் எரிந்த 1981 இலும், எங்கள் வீதிகள் எரிந்த 1983 யூலையிலும் இந்த நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவரும் அவரே. அதை அந்த நல்ல மனிதருக்கு எந்த மொழியில் சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா? அவரது தலைமுறை பசியோடு நின்றபோது தூரத்துத் தீவொன்றிலிருந்து வந்த அந்தச் சொல் அவர்களுக்குச் சோறாகியிருக்கிறது. அதுவும் பொய்யன்று.

நானும் குனிந்து வணங்கினேன். அந்த மனிதரையல்ல, அந்தச் சொல்லை. ஆனால் இசேயின் வெறும் நிலம் அப்போது நினைவுக்கு வந்தது. சொல்லைக் கல்லில் வெட்டி அயல்நாட்டு முற்றத்தில் நாட்டிவிட்டால் அது நிலைத்துவிட்டதாகாது. ஒவ்வொரு தலைமுறையும் தன் கையால் அதை மீளவும் இழைத்து எழுப்ப வேண்டியிருக்கிறது. எங்கள் நாட்டில் அந்த நிலம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது.