சேர்ந்து நடந்தவர்கள்

சர்க்கரை ஏறினால் நட, கொழுப்புக் கூடினால் நட என்று டாக்டர் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. மனசு சரியில்லை என்று வந்தவரிடம் அதையே சொன்னால் சுருக்கென்று இருக்கும். தன் வேதனை அவ்வளவு இலேசாகப் போய்விட்டதா என்று அவருக்குத் தோன்றுவதில் நியாயம் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், ஜேம்ஸ் புளூமென்தால் என்ற உளவியலாளரின் குழு அந்த அறிவுரையை இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மருந்தைச் சோதிப்பது போலவே நடையையும் சோதித்தது.

ஐம்பதும் அதற்கு மேலும் வயதான 156 பேர். எல்லோருமே மனச்சோர்வு நோய் என்று கண்டறியப்பட்டவர்கள். ஒரு பிரிவுக்குச் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை. ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி. மூன்றாம் பிரிவுக்கு இரண்டும். வாரத்தில் மூன்று நாள், முப்பது நிமிடம் விடாமல் வேகநடை அல்லது மெல்லோட்டம். முன்னும் பின்னும் உடலைத் தயார்செய்யவும் ஆற்றவும் சில நிமிடங்கள். பயிற்சி அவ்வளவுதான்.

1999-இல் முடிவு வெளிவந்தது. தொடக்கத்தில் மாத்திரைதான் முந்தியது. பதினாறு வாரம் முடிந்தபோது மூன்று பிரிவிலுமே பத்துக்கு ஆறேழு பேர் தேறியிருந்தார்கள்.

அதற்குப் பின் நடந்ததுதான் இன்னும் முக்கியம். ஆறு மாதம் கழித்து, தேறியவர்களை மறுபடி பார்த்தார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 38 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியிருந்தது. பயிற்சி மட்டும் செய்தவர்களில் 8 விழுக்காடுதான். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 31. இரட்டிப்புப் பலன் கிடைத்திருக்க வேண்டாமா? நானே பாடுபட்டு மீண்டேன் என்ற நம்பிக்கை, கூடவே மாத்திரையும் இருந்ததால் தளர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். ஊகம்தான், ஆனாலும் மனித மனத்தை அறிந்தவர்களின் ஊகம். இதைக் கேட்டுவிட்டு யாரும் மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அந்த 156 பேரும் மருத்துவக் கண்காணிப்பில் இருந்தவர்கள்.

மூளையிலும் தடயம் இருக்கிறது. 2011-இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஓராண்டு நடந்த முதியவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி சுமார் 2 விழுக்காடு வளர்ந்திருந்தது. நினைவைக் காக்கும் பகுதி அது. வயது ஏற ஏறச் சுருங்குவது. நெடுநாள் மனச்சோர்வில் இருந்தவர்களிடமும் சிறுத்துக் காணப்படுவது.

ஆனால் படுக்கையை விட்டு எழவே மனமில்லாதவரை யார் நடக்க வைப்பது? மனச்சோர்வு முதலில் பறிப்பதே அந்த எழுந்திருக்கும் தெம்பைத்தான். டியூக்கில் பயிற்சி செய்தவர்கள் குழுவாக, பயிற்சியாளர் முன்னிலையில் நடந்தவர்கள். அப்படியென்றால் குணமாக்கியது காலா, கூட்டமா? அதையும் புளூமென்தாலின் குழுவே சோதித்தது. 2007-இல் வெளியான அந்த ஆய்வில், வீட்டிலிருந்தே தனியாகப் பயிற்சி செய்தவர்களில் 40 விழுக்காட்டினர் தேறினார்கள். குழுவில் செய்தவர்களில் 45. மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களில் 31. ஆகவே தனி நடையும் வீணில்லை.

இருந்தாலும், விடியற்காலை மெரினாவில் காந்தி சிலைப் பக்கம் கூடும் நடைக்கூட்டங்களைப் பார்த்தால் அந்த 45-இன் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஒருநாள் வராதவரை மறுநாள் அங்கே யாராவது நிறுத்திக் கேட்கிறார்கள்: "என்ன சார், நேத்து ஆளையே காணோம்?"