பழைய ரயில் பெட்டியின் பூர்வீகம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



டில்லியில் வாழும் நம் குடும்பங்களில் பலவற்றை இங்குக் கொண்டுவந்து சேர்த்தது ரயில்தான். ஆதலின் ரயிலைப் பற்றிய பேச்சு உங்களுக்குச் சலிப்புத் தராதென நம்புகிறேன். சாணக்கியபுரியில் 1977 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே புது வர்ணத்துடன் நிற்கும் பெட்டிகளைக் கண்டு வியக்கிறோம். அவற்றின் பூர்வீகத்தை எவ்வாறு அறிந்தனர் என்று வினவுவோர் சிலரே. அவ்வினாவுக்குரிய விடையைப் புது வர்ணம் பூசுமுன்பே தேடியாக வேண்டும். பூசியபின் சான்றுகள் மறைந்துவிடும்.

பழம்பெட்டி ஒன்றின் மேல் வர்ணத்தை மெல்லச் சுரண்டுகையில், அடியில் 'எம். எஸ். எம்.' என்னும் எழுத்துக்கள் தோன்றுவதாக வைத்துக்கொள்வோம். மதராஸ் ரயில்வேயும் தென் மராட்டா ரயில்வேயும் 1908 இல் இணைந்ததால் உண்டானது அப்பெயர். 1951 இல் அது தென்னக ரயில்வேயுடன் கலந்துவிட்டது. அப்படியானால் பெட்டி 1908 க்குப் பிற்பட்டதென்று முடிவு கட்டலாமா? கூடாது. மதராஸ் ரயில்வேயின் பழைய பெட்டிக்கும் அவ்வெழுத்துக்களைத்தானே தீட்டியிருப்பார்கள்? எழுத்து உரைப்பது வர்ணத்தின் வயதையே.

அச்சுப்பெட்டி மூடியில் வார்த்த எழுத்துக்களை இன்னும் ஐயத்துடனே நோக்க வேண்டும். சக்கரங்களும் அச்சுகளும் பழுது பார்க்கும்போது மாறிப் போகின்றவை. கல்யாண வீட்டிலிருந்து பிறர் செருப்பை மாட்டிக்கொண்டு வருபவர்போல, ஒரு கம்பெனியின் பெட்டி மற்றொரு கம்பெனியின் சக்கரத்தில் நிற்பதுண்டு! இரும்பு அடிச்சட்டத்தில் ஆங்கிலேயத் தொழிற்சாலையின் பெயர்த்தகடு இருந்தாலும் பாதிக் கதையே கிடைக்கும். சட்டம் கப்பலில் வர, தேக்குமர உடலை இந்நாட்டுப் பட்டறைகளில் கட்டுவது அக்காலத்தில் பெருவழக்கு.

மரமோ எளிதில் மறப்பதில்லை. கூரையில் வட்டமாக ஒட்டுப்போட்ட இடங்கள், முன்பு எண்ணெய் விளக்கோ எரிவாயு விளக்கோ தொங்கியதைக் காட்டும். பலகையில் வரிசையாக உள்ள ஆணித்துளைகளிலிருந்து, அகற்றிய தடுப்புச் சுவர் நின்ற இடத்தையும், அதிலிருந்து அறைகளின் அளவையும் கணக்கிடலாம். அறையின் அகலம் தெரிந்தால் எந்த வகுப்புக்குரியது என்பதும் ஓரளவு விளங்கும். பட்டறைத் தச்சர் சட்டங்களின் உட்புறத்தில் பொறித்த எண்ணே, என் கருத்தில், எல்லாவற்றினும் நம்பத்தக்கது. அது பயணிகள் காண்பதற்காக இட்டதன்று.

அருங்காட்சியகத்திலுள்ள பாட்டியாலா ஒற்றைத் தண்டவாள ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தண்டவாளத்தின்மேல் சிறு சக்கரங்கள். பக்கத்தில் சாலையில் உருளும் பெருஞ்சக்கரம் ஒன்று. 1907 இல் தொடங்கி 1927 இல் நின்றுபோன அவ்வண்டியின் எச்சங்களை 1962 இல் பாட்டியாலாவில் பொதுப்பணித் துறையின் கிடங்கில் மைக்கேல் சேட்டோ என்னும் ஆங்கிலேயர் கண்டெடுத்தார். அதன் எஞ்சின் ஜெர்மனியில் ஓரன்ஸ்டைன்–கோப்பல் கம்பெனி செய்தது. அமிர்தசரஸ் பட்டறையில் அதைச் செப்பனிட்டு ஓடவைத்தனர். பின்னால் பூட்டியுள்ள பெட்டியின் வரலாறு வேறு. தலைமைப் பொறியாளர் பார்வையிடச் செல்லும் வண்டியாக, பழைய அடிச்சட்டத்தின்மேல் அதைப் புதிதாகக் கட்டினர். அப்படிக் கட்டியதில் பிழையில்லை. கட்டியதை ஒளிக்காமல் சொல்லியிருப்பதுதான் எனக்குப் பிடித்தது.

அடுத்த விடுமுறையில் குழந்தைகளுடன் அங்குச் செல்லும்போது, அப்பெட்டியின் அடியிலும் சற்றுக் குனிந்து பாருங்கள்.