சிறு வெடிப்பும் பெரிய பாலமும்



நான் தொழிலால் கணக்காளன், பொறியியலாளன் அல்லன். ஆனாலும் மெல்பேர்ண் நகரின் கிங்ஸ் பாலத்தின் கதையை உங்களோடு பகிர விரும்புகிறேன். 1961இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் ஒரு பகுதி, 1962 ஜூலை 10ஆம் திகதி, குளிர்மிகுந்த ஒரு நாளில், சுமார் 45 தொன் பாரமான வாகனம் ஏறியபோது முறிந்து தாழ்ந்தது. நல்லகாலம், கீழேயிருந்த சுவர்கள் தாங்கிக்கொண்டன. உயிரிழப்பு இல்லை.

பாரம் மட்டும்தான் காரணமா? இல்லை. உருக்கு உத்தரங்களின் அடியில் மேலதிகத் தகடுகளை வெல்டிங் செய்த இடங்களில், ஒட்டின் முனைகளில், முன்னரே சிறு வெடிப்புகள் இருந்தன. அரச விசாரணை ஆணைக்குழு இதை ஆராய்ந்தது.

புடவைக்கடையில் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் கத்தரிக்கோலால் ஒரு சின்ன வெட்டு வைப்பார். பிறகு கையாலேயே சர்ரென்று கிழிப்பார். வெட்டில்லாத துணியை அப்படிக் கிழிக்க முடியுமா? இழுக்கும் விசை முழுவதும் வெட்டின் கூரிய முனையில் வந்து குவிகிறது. உருக்கிலும் அதுதான் நடக்கிறது. நல்ல உருக்கு அந்த முனையில் சற்று வளைந்து கொடுத்து, வெடிப்பைத் தடுக்கும். குளிரில் சிலவகை உருக்கு வளைய மறுத்து, கண்ணாடிபோல் கணத்தில் உடைந்துவிடும்.

அப்படியானால் வெடிப்பை நிறுத்துவது எப்படி? அதன் முனையில் வட்டமாக ஒரு துளை போடுவார்கள். கூர்மை போய்விடும், விசை பரவிவிடும், வெடிப்பு அங்கேயே நிற்கும். உருக்கில் ஓட்டை போட்டு உருக்கைக் காப்பாற்றுகிறார்கள்! ஆனால் துளை முனையைச் சரியாகப் பிடிக்கவேண்டும். அதன் பின்னர் நிரந்தரமாகத் திருத்தவும் வேண்டும். பெயின்ற் பூசினால் வெடிப்பு மறையும், மாறாது.

கணக்கேட்டில் பரிசோதனை என்பது செலவுப் பக்கத்தில்தான் வரும். அது தடுத்த விபத்து எந்தப் பக்கத்திலும் வராது. அதனால்தான் முதலில் வெட்டப்படுவதும் அதுவே.

எங்கள் உறவுகள் பலர் தொழிற்சாலைகளில் வெல்டிங் வேலை செய்கிறார்கள். வெடிப்பை முதலில் காணும் கண் உங்களுடையதாக இருக்கலாம். ஆங்கிலம் போதாது, வேலை போய்விடும் என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். இடத்தைக் காட்டுங்கள், படமெடுத்துக் கொடுங்கள், திகதியை எழுதி வையுங்கள். அந்த உத்தரத்தின் மேலே நாளை யாருடைய பிள்ளையோ போகப்போகிறது.

கிங்ஸ் பாலம் திருத்தப்பட்டு இன்றும் பாவனையில் இருக்கிறது.