மழைத் தண்ணீரிலேயே பூக்கும் ஹுச்செள்ளு

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோட்டத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். மைசூரில் தோட்டம் என்றால் ரோஜா, புல்தரை, தசரா மலர்க் கண்காட்சி என்றுதான் நினைவு போகும். நான் பேச வந்தது, மாமிகள் பொடிக்காக மட்டும் வாங்கும் ஹுச்செள்ளைப் பற்றி.

கன்னடத்தில் 'ஹுச்சு' என்றால் பைத்தியம். கிருஷ்ணகிரிப் பக்கம் உச்செள்ளு என்பார்கள். பேயெள்ளு என்றும் பெயர் உண்டு. பெயரில்தான் எள். தர்ப்பணத்துக்கு எடுக்கும் எள்ளுக்கும் இதற்கும் உறவு கிடையாது. இது சூரியகாந்தி, சாமந்தி குடும்பத்தைச் சேர்ந்தது. மஞ்சள் இதழ்கள் பெரும்பாலும் எட்டு இருக்கும். பூர்வீகம் எத்தியோப்பியா. அந்த நாட்டு மலைப்பகுதிகளில் தானாக வளர்ந்த செடியிலிருந்து வந்த பயிர். தாவரவியல் பெயர் கைசோட்டியா அபிசினிக்கா. எண்ணெய்க்காக இதை அதிகம் பயிரிடும் நாடுகள் எத்தியோப்பியாவும் இந்தியாவும்தான்.

நம் பக்கத்துக் கிராமங்களில் ராகி வயலுக்குள் அவரை, துவரை, ஜோளத்தோடு இதையும் வரிசை வரிசையாக விதைப்பது பழைய வழக்கம். 'அக்கடி சாலு' என்பார்கள். சொரசொரப்பான இலையை மாடு விரும்பித் தின்னாது என்பதால் வயல் ஓரத்துக்கு வேலி மாதிரியும் ஆயிற்று. ராகிக்குப் பெய்யும் மழையே இதற்கும் போதும்.

இதை வீட்டுக்குக் கொண்டு வரச் சொல்வதற்குக் காரணம் தண்ணீர். நம் ஊருக்கு வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. குழாயில் வருவது காவிரியும் கபினியும். 2023-ல் கர்நாடகத்தின் 236 தாலுக்காக்களில் 223 வறட்சிப் பகுதி என்று அறிவிக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். புல்தரை அதிகம் தண்ணீர் கேட்பது பங்குனி, சித்திரையில். அந்த மாதங்களில் ஹுச்செள்ளுச் செடியே இருக்காது. நாலு மாதத்தில் முளைத்து, பூத்து, விதை தந்து முடிந்துவிடும். கோடையில் அந்த இடத்தில் சருகைப் பரப்பிவிட்டுச் சும்மா இருக்கலாம்.

வளர்க்கும் முறையைச் சொல்கிறேன். ஆடிக் கடைசியிலிருந்து ஆவணிக்குள் விதைக்க வேண்டும். பகல் பொழுது குறையும்போது பூக்கும் ஜாதி இது. அதனால் பருவம் முக்கியம். நல்ல வெயில் படும் இடமாக இருக்கட்டும். மண் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு கூடை மட்கிய உரம் போதும். 10 அடிக்கு 10 அடி இடத்துக்கு ஒரு தேக்கரண்டி விதை தாராளம். ஹெக்டேருக்கே 5 கிலோதான் கணக்கு. விதை பொடியாக இருப்பதால் மணலோடு கலந்து, ஓரடி இடைவெளி விட்ட வரிசைகளில் தூவி, மேலாக மண்ணை மூடுங்கள். மழை தவறினால் முளைக்கும் வரை மட்டும் பூவாளியால் தண்ணீர் தெளிக்கலாம். இரண்டு, மூன்று வாரம் கழித்து, செடிக்குச் செடி நாலு அங்குலம் இருக்கும்படி களைத்துவிடுங்கள்.

வறுத்த விதையும், பறவைத் தீனி என்று வெளிநாட்டில் விற்கும் விதையும் உதவாது. அமெரிக்காவுக்குப் போகும் விதையைச் சூடுபடுத்தித்தான் உள்ளே விடுகிறார்கள். கஸ்குட்டா என்ற ஒட்டுண்ணியின் விதை கலந்து வந்துவிடும் என்ற பயம். நம் பாத்தியிலும் மஞ்சள் நூல் மாதிரி ஒரு கொடி சுற்றிக்கொண்டால், அந்தச் செடியோடு சேர்த்துப் பிடுங்கிவிடுங்கள்.

முக்கியமான விஷயம், ஒற்றைச் செடியைத் தொட்டியில் வைத்தால் பூ வரும், விதை வராது. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி இது. பக்கத்தில் பத்துச் செடி இருக்க வேண்டும், தேனீயும் வர வேண்டும். பூத்திருக்கும்போது பூச்சிமருந்து அடிக்கவே கூடாது. எங்கள் வீட்டுப் பாத்தியில் ஐப்பசி மாதம் காலை ஒன்பது மணிக்குத் தேனீச் சத்தம் திண்ணை வரை கேட்கும். எதிர்ச்சாரியில் காலி மனை முழுக்கப் பார்த்தீனியம். அதுவும் இதே குடும்பந்தான். ஆனால் தும்மலும் அரிப்பும்தான் நமக்கு மிச்சம்.

இலை காய்ந்து, பூத்தலை பழுப்பாக மாறியதும் அறுத்துவிட வேண்டும். தாமதித்தால் விதை கொட்டிப்போகும். சில நாள் உலர்த்தித் தட்டினால் கருப்பாகப் பளபளக்கும் விதை வரும். வெறும் வாணலியில் வறுத்து, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை, கொப்பரை, புளி, உப்பு, பெருங்காயம் சேர்த்துப் பொடித்தால் சூடான சாதத்துக்கும் ராகி ரொட்டிக்கும் பிரமாதம்.

மழையே பெய்யாவிட்டால் எந்தச் செடியும் பிழைக்காது, இதுவும் அப்படித்தான். ஆனால் கொஞ்சம் பெய்தாலும் அதற்குத் தக்கபடி பூக்கிறது. வாசல் புல்தரையில் ஒரு மூலையை மட்டும் இந்த ஆவணியில் இதற்கு விட்டுக் கொடுங்கள். போன வருஷத்து விதையைச் சின்னப் பொட்டலங்களாக மடித்து வாசல் மேஜையில் வைத்திருக்கிறேன். காபிக்குப் போகும் வழியில் வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.